மண் தொட்டியைத் தேடிப் பெத்லகேமுக்கு

பெத்லகேமில் இயேசு பிறந்த ஆலயத்தின் வாசல் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம்தான். வளர்ந்தவர் எவரும் குனியாமல் உள்ளே போக முடியாது. நுழையுமுன் ஒரு நிமிடம் நின்று சுவரைப் பாருங்கள். மேலே 6-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் வைத்த பெரிய வாசலின் உத்தரக்கல், அதற்குக் கீழே சிலுவைப்போர்க் காலத்துக் கூர்வளைவு, அதற்கும் உள்ளே இந்தச் சின்னத் திறப்பு. குதிரையும் வண்டியும் ஆலயத்துக்குள் புகாமல் இருக்கவே இவ்வளவு குறுக்கினார்கள் என்பார்கள். தாழ்மையின் வாசல் என்று அதற்குப் பெயர். முதுகில் பை இருந்தால் கல்லில் இடித்து, பின்னால் வருகிறவர்மேல் தள்ளிவிடும். பையைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கால் மடங்காதவர்கள், ஒட்டியே இருக்கும் புனித கத்தரீன் ஆலயத்தின் வழியாக உள்ளே வரலாம். காவலரிடம் கேட்டால் காட்டுவார்கள்.

உள்ளே செந்நிறக் கல்லில் 44 தூண்கள். தரையில் மரக்கதவுகளைத் திறந்து வைத்திருக்கும் இடங்களில், அடியில் பழைய ஆலயத்தின் வண்ணக்கல் தரை தெரியும். இயேசு பிறந்ததாகச் சொல்லப்படும் குகை ஆலயத்துக்கு அடியில் இருக்கிறது; அதற்குப் போகும் வரிசை வலப்பக்கம். கிறிஸ்துமஸ் நாட்களில் இரண்டு மணி நேரம்கூட நிற்க நேரும். கதவு திறந்ததும் போய்விடுவது நல்லது. ஞாயிறு காலையில் மட்டும் வேண்டாம். வழிபாடு நடப்பதால் குகைக்குள் விடமாட்டார்கள்.

அரைவட்டப் படிகள். பல நூற்றாண்டுக் கால்கள் பட்டு விளிம்பு தேய்ந்து வழுக்கும்; சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். குகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அவ்வளவுதான். பீடத்தின் அடியில், பளிங்கில் பதித்த 14 முனை வெள்ளி நட்சத்திரம். கன்னி மரியாளிடம் இயேசு கிறிஸ்து இங்கே பிறந்தார் என்று இலத்தீனில் பொறித்திருக்கிறது. மேலே 15 விளக்குகள். ஆலயத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் கிரேக்க, கத்தோலிக்க, ஆர்மீனியச் சபைகளில் எந்த விளக்கு எதற்கு என்பதுவரை பிரித்திருக்கிறார்கள். 1847-இல் இந்த நட்சத்திரம் காணாமல் போய், அதைத் தொட்டு எழுந்த சண்டை கிரிமியப் போருக்கு ஒரு காரணமாகவே ஆனது. மாற்று நட்சத்திரம் 1853-இல் வந்தது.

இங்கேதான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். நட்சத்திரத்தின் முன் மண்டியிட உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள். அந்த விநாடிகளில் கைப்பேசி கையில் இருந்தால் படம் கிடைக்கும், வேறெதுவும் கிடைக்காது. படத்தை எடுத்ததும் ஆட்கள் எதிர்ப்படியில் ஏறி வெளியே போய்விடுகிறார்கள். குழந்தை இயேசுவைக் கிடத்திய முன்னணை, அதாவது மாட்டுத் தீனித் தொட்டி, இருந்ததாகச் சொல்லப்படும் இடமோ திரும்பினால் எதிரிலேயே, இன்னும் சில படிகள் கீழே இருக்கிறது. அங்கே வெளிச்சமும் குறைவு, நெரிசலும் குறைவு. நட்சத்திரத்துக்கு ஒரு மூச்சு போதும். மிச்ச நேரத்தை இந்த மூலைக்குக் கொடுங்கள். மேய்ப்பர்களுக்குத் தேவதூதன் சொன்ன அடையாளம் முன்னணையில் கிடத்திய பிள்ளைதான்.

பிறகு கத்தரீன் ஆலயத்துக்குள்ளிருந்து நிலவறைக்கு இறங்குங்கள். கி.பி. 386-இல் பெத்லகேமுக்கு வந்து, இங்கேயே தங்கி வேதாகமத்தை இலத்தீனுக்குக் கொண்டுவந்த புனித ஜெரோமின் குகை அங்கே இருக்கிறது. அவர் ஒரு பிறப்புவிழா மறையுரையில் மனம் நொந்து பேசியிருக்கிறார்: கிறிஸ்துவுக்கு மரியாதை செய்வதாக எண்ணி மண் தொட்டியை எடுத்துவிட்டு வெள்ளித் தொட்டியை வைத்துவிட்டோம், எனக்கோ எடுத்துப்போட்ட அந்த மண் தொட்டிதான் விலைமதிப்புள்ளது என்று. கிறிஸ்துமஸ் வியாபாரமாகிவிட்டதே என்று இன்று நாம் படும் வேதனை 1,600 ஆண்டுப் பழையது. யாரும் கெட்ட எண்ணத்தில் வெள்ளியை வைக்கவில்லை. அன்பினால்தான் வைத்தார்கள், அதனால்தான் அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பெத்லகேமில் கிறிஸ்துமஸ் மூன்று முறை வரும். மேற்கத்திய சபைகளுக்கு டிசம்பர் 25, கிரேக்க மரபுச் சபைக்கு ஜனவரி 7, ஆர்மீனியருக்கு ஜனவரி 19. டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலி கத்தரீன் ஆலயத்தில் நடக்கும். நுழைவுச்சீட்டு இலவசம், எருசலேமிலுள்ள பிரான்சிஸ்கன் யாத்திரிகர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் முன்பே கேட்டு வைக்க வேண்டும். யாராவது காசுக்கு விற்றால் வாங்காதீர்கள். இந்த மூன்று கிறிஸ்துமஸ்களுக்கு இடையிலுள்ள நாட்களில் ஆலயத்தைக் கழுவுவார்கள். 2011 டிசம்பரில், யார் எந்த இடத்தைத் துடைப்பது என்று துறவிகள் துடைப்பத்தோடு மோதிக்கொண்டார்கள். அன்பு பிறந்த இடத்திலேயே அன்பைக் காப்பது இவ்வளவு கடினம் என்றால், நம் வீட்டுக் கிறிஸ்துமஸில் சச்சரவு வருவதில் வியப்பில்லை.

ஒலிவ மரச் சிற்பம் வாங்குவது பாவமல்ல. இந்த ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் குழுப் பயணத்தில் கடைக்கு முக்கால் மணி நேரமும் குகைக்குப் பத்து நிமிடமும் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. முன்பே பேசி அதை மாற்றுங்கள். செதுக்குகிறவரின் பட்டறையிலேயே வாங்கினால் பணம் நேரே அவர் கைக்குப் போகும். முகங்கள் எல்லாம் அச்செடுத்ததுபோல் இருந்தால் இயந்திர வேலை. கைவேலையில் மூக்கருகே, துணி மடிப்பில் உளி போன தடம் தெரியும். சரியாகக் காயாத மரம் ஊருக்கு வந்தபின் வெடிக்கும்.

திரும்பும்போது எருசலேம் பக்கத்து இஸ்ரேலியச் சோதனைச் சாவடிவரை நடந்தே போங்கள். இரண்டரைக் கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும், சாவடி திறந்திருக்கிறதா என்று காலையிலேயே விசாரித்துவிடுங்கள். சாவடியை நெருங்கும்போது கரித்தாஸ் குழந்தைகள் மருத்துவமனை வரும். 1952 கிறிஸ்துமஸ் முந்தின இரவு, எர்ன்ஸ்ட் ஷ்னைட்ரிக் என்ற சுவிஸ் குருவானவர் பிறப்பு ஆலயத்துக்குத் திருப்பலிக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில், பாலஸ்தீன அகதி முகாமருகே, ஒரு தகப்பன் தன் இறந்த குழந்தையைச் சேற்றில் புதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டார். மருத்துவம் கிடைக்காமல் போன குழந்தை. அவரால் அதைக் கடந்துபோக முடியவில்லை. வாடகைக்கு ஒரு வீடு பிடித்து 14 கட்டில்கள் போட்டார்கள். அதுதான் வளர்ந்து இன்று அங்கே நிற்கிற மருத்துவமனை ஆனது. சொல்லாமல் வார்டுக்குள் நுழையாதீர்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் குழுக்களை வரவேற்று விளக்குவார்கள். நேரமில்லையென்றாலும் வாசலில் நின்று, உள்ளே படுத்திருக்கும் பிள்ளைகளுக்காக ஜெபித்துவிட்டு, பரிசுப்பொருளுக்கென்று வைத்த பணத்தில் ஒரு பங்கை அங்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.