அம்மாவின் வேண்டுதலும் பழனியாண்டவன் தரிசனமும்

தம்பி மகள் குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடந்தபோது, "குழந்தையை நல்லபடியா கையில குடுத்துடு பழனியாண்டவா, படியேறி வந்து உன்கிட்டயே முதல் முடி இறக்குறோம்" என்று அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். போன கிருத்திகைக்குத்தான் அது நிறைவேறியது.

அடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கவே விடவில்லை. "மொட்டைக்கு ஆள் இருக்கு, சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். தேவஸ்தான முடிக்கொட்டகையில் 2021ல் இருந்தே மொட்டைக்குக் கட்டணம் கிடையாது, நேராக அங்கேயே போய்விடுங்கள். வெளியூரிலிருந்து வரும் வயசானவர்கள் இந்த இடைத்தரகர்களிடம் ஏமாறுவதைப் பார்க்க வயிறு எரிகிறது, முருகன் பேரைச் சொல்லிக்கொண்டே எப்படித்தான் மனசு வருகிறதோ.

விஞ்சு, ரோப்கார் எதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை. பாத விநாயகருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டு, மூட்டுவலியோடு 693 படியும் ஏறுவேன் என்று கிளம்பிவிட்டார். இடும்பன் சந்நிதிக்கு வந்தபோது முட்டி வீங்கி, கால் தன்னால் நடுங்கியது. பாதயாத்திரை வந்த ஒரு பெண், தன் இரண்டு பாதத்திலும் துணி சுற்றியிருக்க, மடிப்பையிலிருந்து தைலத்தை எடுத்து அம்மாவின் முட்டியில் பொறுமையாகத் தேய்த்துவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் "அரோகரா" என்று மேலே போய்விட்டார். அவரை அனுப்பியது யார் என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

மேலே கூட்டமான கூட்டம். நெரிசலில் குழந்தை வீறிட்டு அழுதது. 2023 அக்டோபரிலிருந்து மலைக்குச் செல்போன் கொண்டுபோக முடியாது, அதனால் யார் கையும் படமெடுக்க உயரவில்லை, அத்தனை கையும் கும்பிட்டபடி இருந்தது. இந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்! சாயரட்சை எனும் மாலைப் பூஜை நேரம், ராஜ அலங்காரம். கிரீடமும் செங்கோலுமாக என்னப்பன் நிற்கிறான், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தையை அம்மா இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுகிறார், "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்திவிட்டு அவனையே பார்க்கிறது. எனக்கு அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை, கண்ணீர்தான். "ஆண்டியா நின்னு பிச்சை கேட்டேன், ராஜாவா நின்னு குடுத்திருக்கான்" என்று வெளியே வந்தும் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

போகர் சித்தர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்த நவபாஷாணத் திருமேனி நோய் தீர்க்கும் என்பார்கள், எங்கள் வீட்டில் அது நடந்தேவிட்டது. வரும் தைப்பூசத்துக்குத் தம்பி காவடி எடுக்கிறான். பழனியாண்டவா, நீ கொடுத்த பிள்ளை, நீயே பார்த்துக்கொள். அரோகரா!