ஐந்துக்கு எத்தனை: ஜூன் மாத நாட்குறிப்பு

2025 ஜூன் 3, செவ்வாய்

கச்சான் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் மணல், மூடினால் அவியல். இந்த வெக்கையில் திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் இருந்துகொண்டு, 'ரிங்க்' எனப்படும் ஐஸ் ஸ்கேட்டிங் அரங்குகளைப் பற்றி வாசிக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணர், சித்தப்பாவின் மகன், அங்கே ரிங்க் நடத்துபவர்களுக்கான மாநாடு ஒன்றின் அலுவலக வேலைகளைப் பார்க்கிறார். வகுப்புகள் முடிந்ததும் வந்தவர்கள் நிரப்பிக் கொடுத்த கருத்துத் தாள்களை ஸ்கான் பண்ணி அனுப்பியிருக்கிறார். பெயர்கள் இல்லை. வாசித்து, அட்டவணை போட்டு, அறிக்கை எழுத வேண்டும்.

தாள் எளிமையானது. வகுப்பின் பெயர், ஐந்துக்கு எத்தனை புள்ளி, கீழே எழுத இரண்டு கோடு. புள்ளிகளில் ஒரு சுவாரசியமும் இல்லை. எல்லாரும் நாலு, ஐந்து என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழே உள்ள கோடுகளில்தான் ஆட்கள் இருக்கிறார்கள். இன்று வாசித்ததில் கனபேரின் முறைப்பாடு மண்டபத்தில் ஏசி குளிர் தாங்க முடியவில்லை என்பது. வருடம் முழுக்க ஐசுக்குள் நிற்கிற மனிதர்கள்!

ஜூன் 4, புதன்

இன்று முழுவதும், அரங்குகளைக் குளிரூட்டப் பயன்படும் அமோனியாவைப் பற்றிய வகுப்பின் தாள்கள்.

2017 ஒக்டோபர் 17 அன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஃபேர்னி என்ற சிறு நகரத்து அரங்கில் அமோனியா கசிந்து மூன்று பேர் இறந்தார்கள். குளிரூட்டும் கருவியான சில்லர் பழசு. அதில் கசிவு இருப்பது அதே வருடம் இளவேனிலிலேயே தெரிந்திருந்தது. பருவம் முடிந்து நிறுத்தி வைத்ததை ஒக்டோபரில் அப்படியே திரும்ப ஓடவிட்டார்கள். வகுப்பு அதை வைத்துத்தான் நடந்திருக்கிறது.

ஒருவர் எழுதியிருக்கிறார்: இந்த வருடம் கேட்டதில் இதுதான் முக்கியமானது. இன்னொருவர்: பயமுறுத்தினார்கள், கையில் ஒன்றும் தரவில்லை. மூன்றாவது ஆள், எங்கள் சில்லரும் அதே வயதுதான், நகரசபை காசு தராது, நான் என்ன செய்ய என்று எழுதிவிட்டு ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறார். அந்த ஐந்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பேசியவருக்கு அது பாராட்டு. அந்த மனிதருக்கோ தலையிடி.

பின்னேரம் பெரியப்பா வந்தார். ஐஸ் பக்டரியில் கொம்பிரசர் பார்த்தே தலை நரைத்தவர். "அமோனியாவைப் பற்றி எவ்வளவு நேரம் கதைச்சவை?" என்றார். ஒன்றரை மணித்தியாலம் என்றேன். "அது காணும். ஆனா மூக்கிலை ஒருக்கா ஏறினால்தான் படிப்பு." பிறகு அவரே ஒரு வகுப்பு எடுத்தார். அமோனியா −33 பாகையில் கொதிக்கும். காற்றைவிடப் பாரம் குறைவு என்று நம்பிக் குனிந்து ஓடக்கூடாது, திரவமாகக் கசிந்தால் குளிர்ந்த மூட்டமாக நிலத்தோடுதான் படரும். தேங்கிக் கிடக்கிற திரவத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது, இன்னும் வேகமாகப் பொங்கும். கடைசியாகச் சொன்ன விசயத்தைத் தாள்களிலும் ஒருவர், 'இன்று நான் புதிதாகப் படித்தது' என்று எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினேன். பெரியப்பாவுக்குப் புளுகம் தாங்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஐஸ் பராமரிப்பு வகுப்பு. தாள்கள் சண்டை பிடிக்கத் தொடங்கிய இடம் இது. ஒரே அறை, ஒரே மணித்தியாலம். ஒருவர், இருபது வருடமாகத் தெரிந்ததைத் திரும்பச் சொன்னார்கள், நேரம் வீண் என்கிறார். மற்றவர், ஏன் வெந்நீர் ஊற்றுகிறோம் என்று இன்றைக்குத்தான் விளங்கியது என்கிறார்.

எனக்கும் இதை வாசித்துத்தான் தெரியும். சம்போனி மெசின் ஐஸின் மேற்பரப்பைச் சீவிவிட்டு, அதன்மேல் வெந்நீரை மெல்லிய படலமாக விடுகிறது. சுடுதண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குறைவு. பழைய ஐசை இலேசாக உருக்கி அதோடு பிடித்துக்கொள்ளும். உறைந்தபின் கண்ணாடி மாதிரி இருக்கும். ஹொக்கிக்கு ஐஸின் மேல் வெப்பநிலை −5, −6 பாகைவாக்கில் இருந்தால் ஐஸ் கடினமாக இருக்கும், ஓட வசதி. ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடுபவர்களுக்கு −3, −4 போதும், குதித்து இறங்கும்போது கொஞ்சம் மெதுமை வேண்டும். கனம் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம். இவ்வளவு மெல்லிய தட்டையா இத்தனை மெசின் சேர்ந்து காப்பாற்றுகிறது!

சம்போனி என்பது ஆளின் பெயர். கலிபோர்னியாவில் பிராங்க் சம்போனியும் தம்பியும் முதலில் ஐஸ்கட்டி செய்து விற்றவர்கள். வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கையில் இருந்த குளிரூட்டல் அறிவை வைத்து 1940இல் அரங்கு திறந்தார்கள். நாலைந்து பேர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மெனக்கெட்டுச் செய்த வேலையை ஒரே வண்டி செய்யும்படி பிராங்க் 1949இல் மெசினைச் செய்து முடித்தார். பெரியப்பாவிடம் சொன்னேன். "பார், ஐஸ் பக்டரிக்காரன்தான்" என்று மட்டும் சொன்னார். இரவு சாப்பாட்டிலும் அதே பேச்சு.

சண்டைக்கு வருகிறேன். இரண்டு தாளும் சரி. பிழை வகுப்பின் பெயரில். புதியவர்களுக்கா அனுபவசாலிகளுக்கா என்று அட்டவணையில் ஒரு சொல் போட்டிருந்தால், இருபது வருடக்காரர் அந்த நேரம் பக்கத்து அறையில் இருந்திருப்பார்.

ஜூன் 8, ஞாயிறு

வேலை இல்லை. நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் நிறைந்து வழிகிறார்கள். இரவு அண்ணர் வாட்ஸ்அப்பில் எடுத்தார்.

1959இல் டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கர் பயிற்சியை அளக்க நாலு படி சொன்னார்: பிடித்ததா, படித்தார்களா, வேலையில் மாறினார்களா, அதனால் பலன் வந்ததா. நம்முடைய தாள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது என்றேன்.

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"நவம்பரிலை ஒருக்காக் கேளுங்கோ."

"ஏன் நவம்பர்?"

மாநாடு நடந்தது மே மாதம். அந்த நேரம் கனக்க ரிங்குகளில் ஐஸ் எடுத்துக் கழுவிவிட்டிருப்பார்கள். படித்ததை எதிலே செய்து பார்ப்பது? செப்டெம்பர், ஒக்டோபரில் திரும்ப ஐஸ் போட்டு, பிள்ளைகள் ஓடத் தொடங்கியபிறகுதான் தெரியும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: அங்கே கேட்டதில் எதை உங்கள் இடத்தில் மாற்றினீர்கள்?

"நவம்பரிலை அவங்களுக்குத் தலை சொறிய நேரமில்லை, ஆர் பதில் போடுவினம்?" என்று கேட்டார். பத்துப்பேர் போட்டாலும் இப்போது இருக்கிற கட்டுத் தாளைவிடத் திறம் என்று சொன்னேன். அண்ணர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, லீவு. பெரியப்பாவோடு கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் போனேன். போன வருடம் அங்கே மீன்பிடிகாரருக்கு நடந்த பயிற்சி வகுப்பு ஒன்றைப் பற்றி அவருடைய கூட்டாளி சொன்னார். மீனுக்கு ஐஸ் போடும் முறை: இந்த வெக்கைக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், ஐசை நொறுக்கி அடியிலும் இடையிலும் மேலும் அடுக்க வேண்டும். கடைசியில் அதிகாரி "எல்லாருக்கும் விளங்கிச்சுதா?" என்று கேட்டாராம். எல்லாரும் ஓம் என்றார்களாம். தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தார்களாம்.

"விளங்காமலா, நல்லா விளங்கிச்சுது" என்றார் அந்த ஐயா. "அவ்வளவு ஐஸ் வாங்கக் காசும் பெட்டியிலை இடமும் ஆர் தாறது?"

ஃபேர்னிக் கதையைக் கேட்டு ஐந்துக்கு ஐந்து போட்ட மனிதர் கொட்பேயிலும் இருக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

மதியம் கரண்ட் போய் வந்தது. எப்படியோ அறிக்கையை முடித்து அனுப்பினேன். புள்ளிச் சராசரியை ஒரு மூலையில் போட்டுவிட்டு, எழுதிய கருத்துகளை மூன்றாகப் பிரித்தேன்: அரங்குக்குத் திரும்பிய மறுநாளே செய்யக்கூடியவை, காசு வேண்டியவை, மேலே இருப்பவர் மனம் வைக்க வேண்டியவை. மெசினின் பிளேட்டைச் சரிபார்ப்பது, துளை போட்டு ஐஸின் கனத்தைக் குறித்து வைப்பது எல்லாம் முதலாவதில். காஸில் ஓடும் மெசினை மாற்றி பற்றறி மெசின் வாங்குவது இரண்டாவதில். மூடிய அரங்குக்குள் மெசின் புகையிலிருந்து காபன் மொனொக்சைட்டு, நைதரசன் ஈரொக்சைட்டு என்ற நச்சு வாயுக்கள் சேர்வதைப் பற்றிய வகுப்பைக் கேட்ட எல்லாருக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. பழைய சில்லர் மூன்றாவதில். மூன்றாவதுதான் நீளமான பட்டியல். அதனால் அடுத்த வருடம் நகரசபை ஆட்களையும் அமோனியா வகுப்புக்குக் கூப்பிடுங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன்.

இரவு அண்ணரிடமிருந்து பதில். நவம்பர்க் கேள்வியைக் குழுவில் வைத்துப் பார்க்கலாமாம். நகரசபை யோசனை நல்லதாம், யார் செலவு என்று பார்க்க வேண்டுமாம். இப்போதைக்கு ஒரு திருத்தம்: மண்டபத்து ஏசி முறைப்பாடுகளை முதலாம் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். குழுவில் இருப்பவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்களாம்.

கொண்டுவந்துவிட்டேன்.