மாமனாரும் டயட் அலமாரியும்

என் மாமனாருக்குச் சுகர் என்று தெரிந்ததும் வீட்டில் இனிப்பு நின்றது. ஆனால் மேற்கு மாம்பலத்தில் நாங்கள் மளிகை வாங்கும் டிபார்ட்மென்டல் ஸ்டோரில் 'டயட்' பண்டங்களுக்கென்று தனி அலமாரி இருப்பதை அவர் கண்டுபிடித்த நாள் முதல், பருப்பும் புளியும் வாங்குவதற்கு முன்பே கூடையில் பாதி நிரம்பிவிடுகிறது. பை தூக்குவதும் பொடி எழுத்தைப் படித்துச் சொல்வதும் மாப்பிள்ளையாகிய என் பொறுப்பு.

சென்ற முறை, 'சுகர் ஃப்ரீ' என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த பிஸ்கட் பாக்கெட் ஒன்றை அவர் எடுத்தார். "சர்க்கரையே இல்லைன்னு அவனே போட்டிருக்கானே மாப்பிள்ளை, அப்புறம் எத்தனை சாப்பிட்டா என்ன?" என்றார். அவன் போட்டதில் பொய் இல்லை. 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. அந்த அளவு சர்க்கரைக்கு மட்டும்தான். வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாக மாறும் மாவைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

பாக்கெட்டைத் திருப்பினேன். மடித்து ஒட்டிய இடத்தில் பாதி மறைந்திருந்த சேர்மானப் பட்டியலைச் செல்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. எடையில் அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம் என்பதால் மைதா முதலில் நின்றது, அதற்கடுத்துப் பாமாயில், பிறகு இனிப்புக்காக மால்டிடால். மால்டிடால் அளவு மீறினால் வயிறு இளகக்கூடும் என்று கீழே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. அதை அவரிடம் படித்துக் காட்டியதும், "அப்போ மலச்சிக்கலுக்கும் நல்லதா!" என்று இன்னொரு பாக்கெட்டையும் எடுத்துக் கூடையில் போட்டார்.

பச்சைப் புள்ளி வேறு அவருக்குத் துணை. துரைசாமி சுரங்கப்பாதைப் பக்கம் சிக்னலில் பச்சை விழுந்ததைப் போல, அந்தப் புள்ளியைக் கண்டால் அவர் நிற்பதே இல்லை. பண்டம் சைவம் என்பதைத் தவிர அந்தப் புள்ளி வேறெதற்கும் உத்தரவாதம் தருவதில்லை; வனஸ்பதி டப்பாவிலும் அதே பச்சைதான்.

பில் போடும் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் எண்ணெய் டப்பாவின் மேலிருந்த இதயப் படத்தைத் தன் மகளுக்குக் காட்டி, "கொலஸ்ட்ராலே இல்லையாம்டி, இனிமே வாரத்துக்கு ரெண்டு நாள் பூரி போடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. நம் நாட்டில் லேபிளில் கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ அச்சிட்டால் போதும். தமிழ் இருந்தால் அது கடைக்காரன் கொசுறு. முன்பக்கத்துக்காவது இதயம், கோதுமைக் கதிர், ஒல்லி இடுப்பு என்று படங்கள் உண்டு. பின்பக்கத்துக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. என்னைக் கேட்டால், மாமனார் சாதா பிஸ்கட்டைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியது இன்னொன்று தின்னலாம் என்ற அனுமதியைத்தான்.

வீட்டில் அந்த அனுமதி நன்றாகவே செல்லுபடியாயிற்று. மாலைக் காபிக்கு முன்பெல்லாம் இரண்டு பிஸ்கட்டோடு எழுந்துவிடுபவர், சுகர் ஃப்ரீ பாக்கெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு சீரியல் முடியும்வரை கொறித்தார். மாமியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் மீதி பிஸ்கட்டையெல்லாம் ஒரு பழைய எவர்சில்வர் டப்பாவில் கொட்டி மூடிவிட்டு, பாக்கெட் உறையைக் குப்பையில் போட்டார்.

அன்று மாலை டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்த மாமனார், "சாதா பிஸ்கட் போலிருக்கு, எனக்கு ரெண்டு போதும்" என்று சொல்லி, மூடியை இறுக்கி மூடினார்.