பிரிக்க முடியாத கட்டில்

டீச்சர் இறந்துபோன செய்தி வந்ததும் எனக்கு அவர் வீட்டுக் கறுப்புத் தகரப் பெட்டிகள்தான் நினைவுக்கு வந்தன. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் கணவரின் எண், பதவி, பெயர், இறங்க வேண்டிய ரயில் நிலையம். மாற்றல் வரும்போதெல்லாம் ஊர்ப் பெயரின்மேல் மட்டும் கறுப்படித்துப் புது ஊரை எழுதுவார்களாம். வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் ஜான்சிக்கு அடியில் தேஜ்பூர் தெரியும். அதற்கும் அடியில் செகந்தராபாத்.

2004 ஜூனில் அவர் எங்கள் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. எனக்கு அது இரண்டாவது ஆண்டு. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் படைக்கு ஆள் அனுப்பாத வீடு அபூர்வம்; அதனால் ஓய்வுபெற்ற சுபேதாரின் மனைவி என்பது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. எட்டுப் பள்ளிகளின் அனுபவச் சான்றிதழ்களைக் கொண்டுவந்திருந்தார். நடுநடுவே இடைவெளி இருக்கிறது என்று சொல்லி, எனக்குக் கொடுத்த தொடக்கச் சம்பளத்தையே அவருக்கும் போட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் சான்றிதழ்களைத் திருப்பி வாங்கி அடுக்கிக்கொண்டே, "எட்டிலும் ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறார்’ என்றுதான் எழுதியிருக்கிறது. என் விருப்பம் என்ன என்று ஒருவராவது கேட்டார்களா, சொல்?" என்று சிரித்தார்.

மாற்றலாகிப் போகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு கெடக் கூடாது என்றுதான் 1963இல் கேந்திரிய வித்யாலயாக்களைத் தொடங்கினார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பாடத்திட்டம். டீச்சரின் மகன் அப்படித்தான் ஓர் ஆண்டைக்கூட இழக்காமல் படித்து முடித்தான். அம்மாவுக்கு மட்டும் ஒவ்வோர் ஊரிலும் முதல் படியிலிருந்துதான் தொடக்கம். அதுவும் தற்காலிக ஆசிரியை வேலை. கணவருக்கு ஃபீல்டு போஸ்டிங் வந்தால் குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. பெட்டிகளோடு மாமியார் வீட்டுக்கு வர வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் எந்தப் பள்ளியிலும் அவர் நீடித்ததில்லை. பணிக்கொடை (கிராஜுவிட்டி) தருவதற்கு அன்றைய சட்டம் ஐந்து ஆண்டு தொடர் பணியைக் கேட்டது.

பாடம் நடத்துவதில் அவர் பெரிய வித்தகர் என்று சொல்ல மாட்டேன். கரும்பலகையில் எழுத்து கோணும். கணக்கில் என்னிடமே சந்தேகம் கேட்பார். ஆனால் பாதி ஆண்டில் புதிதாகச் சேரும் குழந்தையை அவரிடம்தான் ஒப்படைப்போம். ஒரு நவம்பரில் குவாஹாத்தியிலிருந்து ஒரு சிறுவன் வந்தான். இரண்டு நாட்களாக வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் அவன் பக்கத்தில் குனிந்து, "பழைய வகுப்பில் உனக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது?" என்று இந்தியில் கேட்டார். அவன் இடது கையை நீட்டினான். அவன் பெஞ்சை மறுபக்கச் சுவரோரம் தூக்கிப் போட்டோம். மதியத்துக்குள் பேசத் தொடங்கிவிட்டான். பி.எட்.டில் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

1999இல், கார்கில் போர் நடந்த மாதங்களில், அவர் ஜான்சியில் இருந்தார். வகுப்பில் பாதிப் பேரின் தந்தையர் எல்லையில். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார். முகவரியில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, கடைசியில் ‘56 ஏபிஓ’. ஊர்ப் பெயர் இருக்காது. ஒரு பெண் குழந்தை வரைபடத்தின் முன்னால் நின்று, "56 ஏபிஓ எங்கே இருக்கிறது டீச்சர்?" என்று தேடியதாம். படைவீரர்களுக்கான தபால் நிலைய எண் அது என்று அவருக்குத் தெரியும். "தபால்காரருக்கு வழி தெரியும் அம்மா" என்று மட்டும் சொன்னாராம். அந்த ஆண்டு ‘என் அப்பா’ கட்டுரையை அவர் எழுதச் சொல்லவே இல்லை.

எங்களோடு பதின்மூன்று ஆண்டுகள் இருந்தார். 2017இல் ஓய்வுபெற்றபோது வாழ்நாளில் முதன்முறையாகப் பணிக்கொடை வாங்கினார். அனுபவச் சான்றிதழ் வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்டதற்கு, "இனிமேல் யாரிடம் காட்டப் போகிறேன்?" என்றார். அந்தப் பணத்தில் ஒரு தேக்குக் கட்டில். அதுவரை ஊர் ஊராகப் பெட்டிகளைச் சேர்த்துப் போட்டு, மேலே மெத்தை விரித்துப் படுத்தவர். தச்சரை வீட்டுக்கே வரவழைத்து, நட்டும் போல்ட்டும் வேண்டாம், பிரிக்கவே முடியாதபடி முளையடித்து இறுக்கிவிடுங்கள் என்று கூடத்திலேயே செய்யவைத்தார்.

காரியம் முடிந்த மறுநாள் போயிருந்தேன். அப்பாவைப் புனேவுக்கு அழைத்துப் போவதாக மகன் முடிவெடுத்திருந்தான். பெட்டிகள் முற்றத்துக்கு வந்துவிட்டன. அவன் டேப்பால் முதலில் கட்டிலை அளந்தான், பிறகு வாசல் நிலையை அளந்தான். மறுபடியும் கட்டிலை அளந்தான். சுபேதார் அதன்மேல் உட்கார்ந்தபடி, "போகாதுடா" என்றார்.