ஆறு மாடிச் செம்பருத்தி

கிரேன் கூடையில் நின்றபடி ஒரு பெண் ஆறு மாடிச் சுவரில் செம்பருத்தி வரைந்துகொண்டிருந்தார்.

ஒரு இதழே இரண்டு ஜன்னல் உயரம். குறுக்கே துருத்திய ஏசி பெட்டியையும் விடவில்லை, அதுவும் இதழின் மடிப்பாகிவிட்டது.

இன்னும் வண்ணம் ஏறாத இடமெல்லாம் கிறுக்கல். எண்கள், வட்டங்கள், பெருக்கல் குறிகள். ஏதோ குழந்தை வேலை என்று நினைப்போம், அதுதான் அளவுகோல். கிறுக்கிய சுவரைப் போட்டோ எடுத்து, அதன்மேல் ஓவியத்தைப் பொருத்திப் போனில் வைத்துக்கொள்வார்கள். எந்தக் கிறுக்கலில் இதழ் முடிகிறதோ, அங்கே கோடு. மூக்குக்கு நேரே சுவர் நிற்கும்போது முழுப் பூ எப்படித் தெரியும்?

வெயிலில் சிவப்புதான் பெரும்பாலும் முதலில் வெளுக்கும். இலை பச்சையாகவே நிற்க, பூ மட்டும் மங்கும்.

மங்கட்டுமே. அந்த இடத்தில் விளம்பரப் பலகை வைக்காமல் விட்டார்களே, அந்தக் கட்டட உரிமையாளருக்கு ஒரு கும்பிடு!