லூப்பர் உடைந்த மூன்று நாள்

2016இல் திருப்பூரை விட்டுக் கமுதிக்குப் போனேன். சொந்த ஊரிலேயே பனியன் தைக்கலாம் என்று பன்னிரண்டு மெஷின் போட்டேன். வாடகை குறைவு, தைக்கப் பெண்களும் தயார். நன்றாகத்தான் போனது, துணித் துண்டுகளை மூட்டித் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் ஒரு லூப்பர் உடையும்வரை.

தையலில் நூலைக் கண்ணியாகக் கோக்கிற, விரல் நீளம்கூட இல்லாத இரும்புத் துண்டு அது. மதுரைக்கு ஆள் அனுப்பினேன், அந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் திருப்பூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. அதற்குள் மூன்று நாள் போய்விட்டது. தோளும் கையும் மூட்டாமல் மற்ற மெஷின்களுக்கு என்ன வேலை? எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சம்பளம் கொடுத்தேன், ஆர்டர் கைவிட்டுப் போனது.

திருப்பூரில் அதே லூப்பரைத் தெருமுனைக் கடையில் வாங்கிவிடலாம். சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஓவர்லாக் ஓடுகிறது, தினமும் யாருக்காவது ஒன்று உடைகிறது, அதனால் கடைக்காரர் துணிந்து வாங்கி வைக்கிறார். கமுதியில் என் ஒருவனை நம்பி எவர் முதல் போடுவார்?

ஆட்களும் அப்படித்தான். நிட்டிங், சாயம், துணி பிறகு சுருங்காமல் அமுக்கிக் கொடுக்கும் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் இங்கே திருப்பூரில் தனித்தனி ஜாப் ஒர்க், கூலிக்குச் செய்து கொடுப்பது. பட்டன் மட்டும் வைத்துக் கொடுத்தே ஒருவர் குடும்பம் நடத்துகிறார். ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்கிறவனுக்குத்தான் அதில் எங்கே நேரம் வீணாகிறது என்று தெரியும். எங்கள் மெக்கானிக் ஒருநாள் தகரத்தை வளைத்து, கழுத்துப்பட்டி தானாக மடிந்து வருகிற மாதிரி ஒரு ஃபோல்டர் செய்தார். அடுத்த வாரமே பக்கத்துக் கம்பெனி மெஷினிலும் அது இருந்தது. டீக்கடையில் பேச்சு வந்திருக்கும், அவ்வளவுதான். 1978இல் இத்தாலி வியாபாரி ஒருவர் வெள்ளை டீ-ஷர்ட் கேட்டு வந்தபோது, பனியன் தெரிந்த இந்தக் கூட்டம் ஏற்கெனவே இங்கே இருந்தது.

அதே நெரிசல்தான் இங்கே ஓடும் நொய்யல் ஆற்றையும் கொன்றது. நாலு சாயப்பட்டறை என்றால் நொய்யல் தாங்கியிருக்கும். நூற்றுக்கணக்கில் சேர்ந்தபோது கிணற்று நீரும் உப்பானது, ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம்தான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல், தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது. மக்கள் பெருகி நிலம் போதாமல் போகும்போதுதான் உழவில் புது முறைகள் வருகின்றன என்று டென்மார்க்கின் எஸ்தர் போசெரப் 1965இல் எழுதினார். சாயத்திலும் அப்படி நடந்ததை நான் பார்த்தேன். ஆனால் விலையை முதலில் கொடுத்தது அந்த விவசாயிகள். அதை மறக்க முடியவில்லை.

இப்போது ஊரில் யூனிட் போடப்போகிறேன் என்று யாராவது போன் செய்தால், பக்கத்தில் எத்தனை ஓவர்லாக் ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே ஊரில் போடுங்கள், ஒரு மெக்கானிக்கையும் கையோடு கூட்டிப் போங்கள் என்கிறேன்.