நெக் கோணமும் பிரிட்ஜ் உயரமும்: மரத்தில் கை வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கிட்டார் கட்டும் பயிற்சியில் இறுதி வேலையாகச் சொந்தமாக ஓர் எலக்ட்ரிக் கிட்டார் செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நெக்கை (கிட்டாரின் கழுத்தை) எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும்?" என்பதுதான். அதற்குத் தனியாக ஒரு விடை கிடையாது. கிட்டாரின் உடலான பாடியில் தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் கைக்கு வந்து அதன் உயரத்தை அளந்த பிறகுதான் கோணம் கிடைக்கும். ஆகவே மரத்தில் கோடு கிழிப்பதற்கு முன்பே பிரிட்ஜை வாங்கிவிடுங்கள். ஒரே பெயரில் விற்கும் பிரிட்ஜ்கள்கூட உயரத்தில் ஒன்றுபோல் இருப்பதில்லை. அட்டையில் அச்சிட்ட அளவை ஒதுக்கிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி காலிப்பரால் அளப்பதே சரி.

கிப்சன் நிறுவனமே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறது. 1952-இல் வந்த முதல் லெஸ் பால் கிட்டார்களில் நெக்கின் சாய்வு போதவில்லை. தந்திகளின் பின்முனையைப் பிடிக்கும் டிரபீஸ் டெயில்பீஸின் குறுக்குக் கம்பிக்கு மேலே போக வேண்டிய தந்திகள் அதன் அடியில் சுற்றி வர வேண்டியதாயிற்று. உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிப்பது அதனால் கடினமானது. 1953-இல் சாய்வைக் கூட்டி, பாடியில் நேரடியாகப் பொருத்தும் வேறு பிரிட்ஜுக்கு மாறினார்கள். கோணமும் பிரிட்ஜும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். மேல்பரப்பு தட்டையான பாடி, பசையால் பொருத்தும் ஒட்டு நெக், 628 மி.மீ. ஸ்கேல் (நெக்கின் தலைமுனையில் தந்தி படியும் நட் முதல் பிரிட்ஜ் வரை உள்ள நீளம்), உயரம் மாற்றக்கூடிய டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் என்று எடுத்துக்கொள்வோம். பிரிட்ஜை அதைத் தாங்கும் திருகுகளான ஸ்டட்களோடு பலகையில் நிறுத்தி அளந்தால், தந்தி படியும் துண்டான சேடிலின் உச்சி மிகத் தாழ்ந்த நிலையில் 15, மிக உயர்ந்த நிலையில் 19 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்புக்கு 17 அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக எடுக்க வேண்டும். தந்தி இழுவையில் நெக் காலப்போக்கில் மேல்நோக்கித்தான் வளையும். அப்போது பிரிட்ஜை இறக்க 1.5 மி.மீ. இடமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்தது, நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்களின் உச்சி வரிசையை ஒரு நேர்கோடாகப் பிரிட்ஜ் வரை நீட்டினால், அந்தக் கோட்டுக்கு மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பது. அதிகம் பேர் தவறுவது இங்கேதான். 12-ஆம் ஃபிரெட்டில் ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம்) 1.8 மி.மீ. வேண்டுமென்றால் பிரிட்ஜிலும் 1.8 போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். 12-ஆம் ஃபிரெட் தந்தியின் நடுப்புள்ளி. அங்கே இருக்கும் உயரம், நட் உயரம், பிரிட்ஜ் உயரம் இரண்டின் சராசரி. நட்டில் ஃபிரெட் கோட்டுக்கு மேல் 0.5 மி.மீ. என்றால் பிரிட்ஜில் 3.1 வேண்டும். அதாவது ஃபிரெட் கோடு பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் பாடிக்கு மேல் 17 − 3.1 = 13.9 மி.மீ. உயரத்தில் போக வேண்டும்.

நெக் பாடியைச் சேரும் இடம் 16-ஆம் ஃபிரெட் என்று கொள்வோம். அங்கிருந்து பிரிட்ஜுக்கு ஏறத்தாழ 250 மி.மீ. அந்த இடத்தில் ஃபிரெட்கள் பதிந்த பலகையான ஃபிரெட்போர்டின் அடிப்பகுதி பாடியோடு சமமாக இருந்தால், 6 மி.மீ. போர்டு, 1.1 மி.மீ. ஃபிரெட் சேர்ந்து 7.1. ஏற வேண்டியது 13.9 − 7.1 = 6.8 மி.மீ. அதை 250-ஆல் வகுத்தால் 0.0272. டிகிரியில் 1.56.

இதே பாடியில் "லெஸ் பாலுக்கு 4, 5 டிகிரி" என்று கேள்விப்பட்டதை வைத்து 4.5 டிகிரி சாய்த்தால் என்ன ஆகும்? 250 மி.மீ. தொலைவில் கோடு கிட்டத்தட்ட 20 மி.மீ. ஏறிவிடும். பிரிட்ஜ் 30 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டி வரும். எந்த டியூன்-ஓ-மேட்டிக்கும் அவ்வளவு எட்டாது. லெஸ் பாலின் மேல்பரப்பு நடுவில் புடைத்திருப்பதாலும் பிரிட்ஜ் அந்தப் புடைப்பின் மேல் நிற்பதாலும்தான் அங்கே அந்தக் கோணம் பொருந்துகிறது.

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் கணக்கு வேறு. 25.4 மி.மீ. தடிமனான நெக் ஹீல் (நெக்கின் அடிமுனை), பாடியில் 15.9 மி.மீ. ஆழத்தில் வெட்டிய பாக்கெட்டில் உட்கார்ந்தால் போர்டு பாடிக்கு மேல் 9.5 மி.மீ. நிற்கும். ஃபிரெட்டும் 3.1-உம் சேர்த்தால் சேடில் உயரம் 13.7. ஃபெண்டர் பாணி பிரிட்ஜ் அதை எட்டிவிடும், கோணமே தேவையில்லை. வாங்கிய சேடிலின் திருகுகள் அந்த உயரத்துக்குப் போதுமான நீளமா என்று மட்டும் பாருங்கள்.

கணக்கு சரியாக வந்தாலும் முழு அளவில் பக்கவாட்டுப் படம் ஒன்று வரைந்துவிடுவது நல்லது. பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் கருவி) உயரம், அதைச் சுற்றிய ரிங்கின் உயரம், பிரிட்ஜுக்குப் பின்னால் தந்தி இறங்கும் சாய்வு எல்லாம் அதில்தான் கண்ணுக்குத் தெரியும். டெயில்பீஸ் மிகத் தாழ்ந்து, தந்தி பிரிட்ஜின் பின்விளிம்பில் உரசுவதைக் காகிதத்திலேயே பிடித்துவிடலாம்.

பாக்கெட் வெட்டும்போது மரத்தைக் குடையும் இயந்திரமான ரவுட்டரைச் சாய்வான இரண்டு தண்டவாளங்களின் மேல் ஓட்டுவதே நம்பகமான வழி. 1.56 டிகிரிக்கு 300 மி.மீ. நீளத் தண்டவாளத்தின் இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 8.2 மி.மீ. டிகிரி பார்க்கும் கருவியை நம்புவதைவிட இந்த 8.2-ஐக் காலிப்பரால் அளப்பது மிகத் துல்லியம். கால் டிகிரி பிசகினால் பிரிட்ஜில் 1 மி.மீ.க்கு மேல் போய்விடும். முதலில் வேண்டாத பலகையில் வெட்டிப் பார்க்காமல் பாடியைத் தொடாதீர்கள்.

பசை போடும் முன் செய்யும் சோதனையில் அவசரம் கூடவே கூடாது. நெக்கினுள் இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகி நெக்கை நேராக்கி, பாக்கெட்டில் வைத்து கிளாம்ப் போடுங்கள். நீண்ட ஸ்ட்ரெய்ட் எட்ஜை நடுக்கோட்டில் ஃபிரெட்களின் மேல் வைத்து, பிரிட்ஜ் இடத்தில் அதன் அடிக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் 13.9 வர வேண்டும். ஃபிரெட் இன்னும் அடிக்கவில்லை என்றால் 12.8 வர வேண்டும். இந்த 1.1-ஐ மறப்பவர்கள் நிறைய. அதே அளவை இரண்டு E தந்திகளின் பாதையிலும் எடுங்கள். இரு பக்கமும் ஒன்றாக வராவிட்டால் பாக்கெட்டின் தரை பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தச் சாய்வு பிரிட்ஜை ஒரு பக்கம் தூக்க வைக்கும். பாக்கெட்டுக்குள் நுழையும் நெக்கின் நாக்கான டெனானின் அடியில் சிக்கிய மரத்தூள், பாக்கெட்டில் வழிந்த வார்னிஷ் இவையும் அளவைக் கெடுக்கும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அளக்கவும்.

ஸ்ட்ராட்டைப் போல் திருகால் பூட்டும் போல்ட் நெக்கில் சிறு பிசகைத் திருத்தலாம். சேடில்கள் அடிமட்டத்துக்கு இறங்கியும் ஆக்‌ஷன் உயரமாக இருந்தால், பாக்கெட்டின் பிரிட்ஜ் பக்க முனையில் உயர்த்த வேண்டும். 76 மி.மீ. நீளப் பாக்கெட்டில் அந்த முனையை 0.5 மி.மீ. உயர்த்தினால், 648 ஸ்கேலில் பிரிட்ஜ் இடத்தில் ஃபிரெட் கோடு சுமார் 1.7 மி.மீ. ஏறும். சேடில்கள் எல்லை வரை ஏறியும் தந்தி போர்டில் உரசினால் எதிர்முனையில். இரண்டுக்கும் பாக்கெட் முழுவதும் படியும் மர ஆப்பைச் சீவி வையுங்கள். அட்டைத்துண்டை ஒரு முனையில் மட்டும் செருகினால் நடுவில் வெற்றிடம் விழும். திருகுகள் அந்த இடத்தில் ஹீலை வளைத்து, கடைசி ஃபிரெட்கள் மேடாகிவிடும்.

ஒட்டு நெக்கில் அந்த வசதி கிடையாது. உங்கள் இறுதி வேலையை மதிப்பிடுபவர் கிட்டாரைப் பக்கவாட்டில் திருப்பினாலே, பிரிட்ஜை ஏற்றி இறக்கும் தம்ப் வீல் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவார். கோணம் குறைந்து பிரிட்ஜ் தரை தட்டினால், சிறு பிசகுக்கு உயரம் குறைந்த பிரிட்ஜைத் தேடலாம், அல்லது பிரிட்ஜுக்கு அடியில் பாடியைக் குழிக்கலாம். கோணம் கூடிப்போய் ஸ்டட்கள் மேலே நீண்டு நின்றால் அவை தந்தி இழுவையில் முன்பக்கம் சாயும், மெல்லிய ஸ்டட் கொண்ட பழைய பாணி பிரிட்ஜில் விரைவிலேயே. ஃபிரெட்களைப் பிடுங்கி, போர்டை ஹீல் பக்கம் மெலிதாகும்படி இழைப்பதால் 1 மி.மீ. அளவுக்கு மீட்கலாம். அதற்கு மேல் என்றால் நீராவி விட்டு நெக்கைக் கழற்றி, பாக்கெட்டை மறுபடி வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.